புதுப்பிப்பு: வீட்டில் புற்றுப்புண் கட்டும்போது வாடையும் ரத்தமும்

மார்புப் புற்றுநோய் தோலை உடைத்து வந்த புண்ணை (புற்றுப்புண்) வீட்டிலேயே கட்டுவது பற்றிய முந்தைய இழையில் கடலூர் முதுநகர் வாசகி ஒருவர் கேட்டிருந்தார்: "தினமும் கட்டியும் அம்மா ரூமில் வாடை போகலை. துணியை எடுத்தாலே ரத்தம் வருது."

ரத்தத்துக்குக் காரணம் பெரும்பாலும் காய்ந்த காஸ் துணியை இழுப்பதுதான். அரை லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் ஒரு டீஸ்பூன் தூள் உப்பு கரைத்து, துணிமேல் ஊற்றி ஊறவிடுங்கள். ஓரத்திலிருந்து தானே கழன்று வரும். புண்ணைத் தேய்க்காதீர்கள், தண்ணீரை ஊற்றியே கழுவுங்கள். டெட்டால், ஹைட்ரஜன் பெராக்சைடு இரண்டும் நல்ல சதையையும் அரித்துவிடும். கடும் வலிக்கான மார்ஃபின் மாத்திரை சாப்பிடுபவர் என்றால், அந்த வேளை மாத்திரை கொடுத்து அரை மணி கழித்துக் கட்டைப் பிரியுங்கள்.

வாடை, செத்த சதையில் காற்றில்லாமல் வளரும் கிருமிகளால் வருவது. டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, அந்தக் கிருமிகளைக் கொல்லும் மெட்ரோனிடசோல் மாத்திரையை நைசாகப் பொடித்து ஈரப்புண்மேல் தூவலாம். ஊதுபத்தி வேண்டாம், வாடையோடு கலந்து குமட்டும். கட்டிலுக்கடியில் தட்டு நிறைய, பற்றவைக்காத அடுப்புக்கரி வையுங்கள். மாஸ்க்கை ரூமுக்கு வெளியிலேயே போட்டுக்கொண்டு உள்ளே போங்கள். அம்மா கண்ணெதிரே மூக்கை மூடினால், அவருக்கு அது புண்ணைவிட வலிக்கும்.

ரத்தம் கசிந்தால் கருநிறத் துண்டால் 10–15 நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். நடுவில் எடுத்துப் பார்க்கக் கூடாது. வெள்ளைத் துணியில் கொஞ்ச ரத்தமும் ஏராளமாகத் தெரிந்து அவரை மிரட்டும். அழுத்தியும் நிற்கவில்லையென்றால், புதுச்சேரி ஜிப்மர் ஆஸ்பத்திரியின் ஓ.பி. நாளுக்குக் காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.