மூன்றாம் செலிமின் கூட்டணி மாற்றங்கள் உதுமானியப் பேரரசைக் காத்தனவா, கவிழ்த்தனவா?

வடகரை:

1798 முதல் 1812 வரையிலான 14 ஆண்டுகளில் உதுமானியப் பேரரசு முதலில் பிரான்சை எதிர்த்து ரஷ்யாவுடனும் பிரிட்டனுடனும் கைகோத்தது. பிறகு அவ்விரு நாடுகளையும் பகைத்துக்கொண்டு பிரான்சின் பக்கம் சாய்ந்தது. கடைசியில் பிரிட்டனுடன் சமாதானமாகி, ரஷ்யாவுடன் தனித்துப் போரிட்டு ஓர் உடன்படிக்கைக்கு வந்தது. இந்த அலைவுகளைச் சுட்டிக்காட்டி, 1807 வரை ஆண்ட சுல்தான் மூன்றாம் செலிமை உறுதியற்ற அரசர் என்று ஒதுக்கிவிடுவது வழக்கமாகிவிட்டது. அந்தத் தீர்ப்பு நியாயமற்றது என்பதே என் வாதம்.

செலிம் அரியணை ஏறிய 1789இல் பேரரசு ரஷ்யாவுடனும் ஆஸ்திரியாவுடனும் ஒரே நேரத்தில் போரிட்டுக்கொண்டிருந்தது. கிரிமியா 1783இலேயே ரஷ்யாவோடு இணைக்கப்பட்டுவிட்டது. 1792இல் யாசி உடன்படிக்கை கையெழுத்தானபோது வடக்கு எல்லை தினீஸ்தர் ஆற்றுக்குப் பின்வாங்கியது. அதே காலத்தில் நலிந்திருந்த மற்ற அரசுகளுக்கு என்ன நேர்ந்தது என்று பாருங்கள். போலந்து 1795இல் மூன்று அண்டை நாடுகளால் முழுமையாகப் பங்கிடப்பட்டது. வெனிஸ் குடியரசு 1797இல் முடிந்தது. புனித ரோமானியப் பேரரசு 1806இல் கலைக்கப்பட்டது. இவற்றோடு ஒப்பிட்டால், 1812இல் உதுமானியர் பெசராபியாவை மட்டும் இழந்து வெளியே வந்தது சாதாரண விஷயம் அல்ல.

செலிம் அவசரப்பட்டவரும் அல்லர். 1798 ஜூலையில் நெப்போலியன் உதுமானியர் வசமிருந்த எகிப்தின் அலெக்சாந்திரியாவில் படையிறக்கியபோது, இரண்டரை நூற்றாண்டுக்கும் மேலாக நீடித்த பிரெஞ்சு நட்பு முறிந்தது. ஆனாலும், ஆகஸ்ட் முதல் நாளில் அபூக்கிர் விரிகுடாவில் பிரிட்டிஷ் தளபதி நெல்சன் பிரெஞ்சுக் கப்பற்படையை அழித்த பிறகே, செப்டம்பரில் அவர் போர் அறிவித்தார். அதே மாதத்தில் ரஷ்யத் தளபதி உஷாகோவின் கப்பல்கள் இஸ்தான்புல்லை ஒட்டிய பாஸ்பரஸ் நீரிணை வழியாகத் தெற்கே செல்லவும் அனுமதித்தார். தலைமுறைகளாகப் பகைவராக இருந்தவர்களுக்குத் தலைநகரின் வாசலைத் திறந்துவிடும் துணிவு உறுதியற்றவருக்கு வராது. எகிப்து 1801இல் மீண்டது; 1802இல் பிரான்சுடன் சமாதானமும் ஏற்பட்டது.

கீழைக்கடல்:

நண்பர் வடகரை அவர்கள் 1798ஐப் பற்றிச் சொன்னதில் எனக்கு மறுப்பில்லை. சொந்த மண்ணில் படையெடுப்பு நடந்த பிறகு போரிடுவதில் தேர்வுக்கு இடமில்லை என்பதால், அதைக் கொள்கைத் திறமைக்குச் சான்றாக ஏற்க முடியவில்லை. உண்மையான சோதனை 1806இல்தான் வந்தது. அதில் செலிம் தோற்றார்.

1802க்குப் பின் பேரரசுக்கு அரிய வாய்ப்பு ஒன்று இருந்தது. ஐரோப்பிய வல்லரசுகள் 1803 முதல் மீண்டும் ஒன்றோடொன்று மோதிக்கொண்டிருந்தன. உதுமானியரைத் தாக்க எவருக்கும் உடனடித் தேவை இல்லை. ஒதுங்கி நின்று படையையும் கருவூலத்தையும் சீர்செய்துகொண்டிருக்கலாம். 1805 டிசம்பரில் ஆஸ்டர்லிட்சில் ரஷ்ய, ஆஸ்திரியப் படைகளை நெப்போலியன் வென்றதும் அந்த நிதானம் குலைந்தது. 1806 தொடக்கத்தில் நெப்போலியனைப் பேரரசராக அங்கீகரித்தார்கள். ஆகஸ்டில் பிரெஞ்சுத் தூதர் செபாஸ்தியானி இஸ்தான்புல் வந்தார். அதே மாதத்தில், ரஷ்ய ஆதரவாளர்கள் என்று கருதப்பட்ட, டான்யூபுக்கு வடக்கே உதுமானியருக்குக் கீழ்ப்பட்டிருந்த மொல்தாவியா, வாலாக்கியா சிற்றரசுகளின் இளவரசர்களைச் செலிம் பதவிநீக்கம் செய்தார். அவர்களை ஏழாண்டுக் காலத்துக்குள் ரஷ்யாவின் சம்மதமின்றி நீக்குவதில்லை என்று 1802இல் கொடுத்த வாக்கு இருக்கும்போதே இதைச் செய்தார் என்பதை மறக்கக் கூடாது.

மிரட்டல் வந்தவுடன் அக்டோபரில் இருவரையும் மீண்டும் பதவியில் அமர்த்தினார். அதனால் ரஷ்யா நின்றுவிடவில்லை. நவம்பரில் அதன் படை தினீஸ்தரைக் கடந்தது, டிசம்பரில் போர். வாக்கை மீறியதால் வந்த பழியும் பணிந்ததால் வந்த அவமானமும் சேர்ந்தே கிடைத்தன. பதிலுக்குக் கிடைத்த பயன் எதுவும் இல்லை. ஆஸ்டர்லிட்ஸ் மொராவியாவில் இருக்கிறது. அங்கே வென்ற படையால் டான்யூப் கரைக்கு ஒரு படைப்பிரிவைக்கூட அனுப்ப முடியாது என்பதைச் சுல்தானின் அவையில் எவரும் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

செங்காந்தள்:

இருவரும் செலிமின் கையில் ஓர் அரசு முழுமையாக இருந்தது என்ற எண்ணத்தோடு வாதிடுகிறீர்கள். என் பார்வையில் கோளாறு அங்கேதான் தொடங்குகிறது.

1799இல் பாலஸ்தீனக் கரையில் ஆக்கர் கோட்டையைக் காத்து நெப்போலியனைத் திருப்பி அனுப்பியவர் ஜெசார் அகமது பாஷா. அவர் பெயரளவில் சுல்தானின் ஆளுநர். நடைமுறையில் தன் விருப்பப்படி ஆண்டவர். அவருக்குக் கடலிலிருந்து துணை நின்றவர் பிரிட்டிஷ் தளபதி சிட்னி ஸ்மித். விதினில் பாஸ்வானோலு, யானினாவில் அலி பாஷா என்று மாநிலந்தோறும் தனித்தனிப் படைகளுடன் வலியவர்கள் இருந்தார்கள். செர்பியாவில் 1804இல் கிளர்ச்சி மூண்டது. அரேபியாவில் வஹ்ஹாபியர் புனித நகரங்களைப் பிடித்தார்கள். எகிப்தை மீட்ட பிறகு அதை 1805 முதல் ஆண்டவர் முகமது அலி. அவரைச் சுல்தான் ஆளுநராக ஏற்றுக்கொள்ள நேர்ந்ததே தவிர, தாமாகத் தேர்ந்தெடுக்கவில்லை.

செலிம் 1793 முதல் தனிக் கருவூலம் அமைத்து வளர்த்த ‘நிஜாமி ஜெதீத்’ என்ற புதிய முறைப் படையில் 1806இல் 22,000க்கும் மேற்பட்டோர் இருந்தார்கள். அந்தக் கோடையில் அப்படையின் ஒரு பகுதியை எதிர்னே பக்கம் அனுப்பியபோது, பால்கன் பகுதியான ருமேலியாவின் உள்ளூர்த் தலைவர்களும், பழைய காலாட்படையினரான ஜானிசரிகளும் ஆயுதம் ஏந்தி வழிமறித்தார்கள். செலிம் படையைத் திரும்ப அழைத்துக்கொண்டார். இளவரசர்களை நீக்கிய அதே கோடைகாலம் இது. சொந்தப் படையைச் சொந்த மாநிலத்துக்குள் நடத்திச் செல்ல முடியாத ஒரு மன்னர், அதே வேளையில் ரஷ்யப் பேரரசைச் சீண்டினார். இதைக் கூட்டணிக் கொள்கையின் குறையாகப் பார்ப்பதைவிட, தன் வலிமையை அளந்து பார்க்கத் தவறியதாகவே நான் பார்க்கிறேன்.

வடகரை:

செங்காந்தள் அவர்கள் சொல்லும் உள்நாட்டு நிலை உண்மையே. அதனால்தான் வெளியே ஒரு துணையைத் தேட வேண்டியிருந்தது. கீழைக்கடல் அவர்கள் ‘ஒதுங்கி நின்றிருக்கலாம்’ என்கிறார். அப்படி நிற்க இடம் எங்கே இருந்தது?

1805 டிசம்பரில் பிரஸ்பர்க் உடன்படிக்கையால் ஏட்ரியாட்டிக் கரையிலுள்ள டால்மேஷியா பிரான்சுக்குப் போயிற்று. அதாவது பிரான்சு போஸ்னியாவின் எல்லையில் அண்டை நாடாக வந்து நின்றது. மறுபக்கம் ரஷ்யக் கடற்படை கோர்ஃபுத் தீவில் தளம் கொண்டிருந்தது. அதன் போக்குவரத்து இஸ்தான்புல்லின் கண்முன்னே, நீரிணைகள் வழியாக நடந்தது. வாலாக்கியாவின் இளவரசர் இப்சிலாந்தி செர்பியக் கிளர்ச்சியாளர்களுக்கு உதவுகிறார் என்ற ஐயம் வலுத்திருந்தது. நட்பு நாடு என்ற பெயரில் ரஷ்யா பெற்றிருந்த இடம், பகை நாடாக இருந்தபோது பெற்றிருந்ததைவிடக் கூடுதல். இந்தப் பிடியைத் தளர்த்த ஆஸ்டர்லிட்சுக்குப் பிறகு ஒரு வாய்ப்பு வந்தது. அதைப் பயன்படுத்திப் பார்க்காமல் விடுவதுதான் பெரிய பிழையாக இருந்திருக்கும்.

பயனே இல்லை என்பதையும் ஏற்க மாட்டேன். 1807 பிப்ரவரி 19 அன்று பிரிட்டிஷ் தளபதி டக்வொர்த் டார்டனெல்ஸ் நீரிணையைக் கடந்து இஸ்தான்புல் முன் வந்து நின்றார். செபாஸ்தியானியை வெளியேற்றுங்கள், கப்பற்படையை ஒப்படையுங்கள் என்பவை அவருடைய கோரிக்கைகளில் முதன்மையானவை. சுல்தானின் அவை பேச்சுவார்த்தையை நாட்கணக்கில் நீட்டிக்கொண்டே, பிரெஞ்சு அதிகாரிகளின் வழிகாட்டுதலில் கரையெங்கும் பீரங்கிகளை நிறுத்தியது. நகர மக்களும் சுவர் எழுப்பும் பணியில் இறங்கினார்கள். மார்ச் 3 அன்று திரும்பிச் சென்ற அந்தக் கப்பல்களை டார்டனெல்ஸ் கோட்டைகளின் பழைய பீரங்கிகள் பல நூறு பவுண்டு எடையுள்ள கல்குண்டுகளால் தாக்கின. அடுத்து எகிப்தில் இறங்கிய பிரிட்டிஷ் படையும் ரொசெட்டாவில் தோற்று, செப்டம்பரில் வெளியேறியது. உலகின் முதன்மையான கடற்படையை ஒரே ஆண்டில் இரண்டு இடங்களில் திருப்பி அனுப்பிய அரசு இது.

கீழைக்கடல்:

தலைநகரைக் காத்த அந்தப் பத்துப் பன்னிரண்டு நாட்களின் பெருமையை நான் குறைக்கவில்லை. ஆனால் அந்தத் தாக்குதல் வந்ததே 1806இன் முடிவால்தான். தானே வரவழைத்த ஆபத்திலிருந்து தப்பியதை அந்த முடிவுக்கே வரவு வைப்பது முறையாகாது.

பிறகு நடந்ததையும் சேர்த்துப் பாருங்கள். தலைமை அமைச்சரான கிராண்ட் வசீர் பெரும்படையோடு டான்யூப் முனைக்குப் போய்விட்டார். தலைநகரில் சுல்தானுக்கு ஆதரவாக நிற்கக்கூடியவர்கள் குறைந்தார்கள். 1807 மே மாதத்தில் பாஸ்பரஸ் கோட்டைகளின் காவல் வீரர்கள் கபாக்சி முஸ்தபாவின் தலைமையில் எழுந்தார்கள். அவர்களை அடக்கப் புதிய படையை ஏவாமல், அதைக் கலைப்பதாகவே செலிம் அறிவித்தார். அதன் பிறகும் மே 29 அன்று அரியணை போயிற்று. அடுத்த ஆண்டு ஜூலையில் உயிரும் போயிற்று. போர் வராமல் இருந்திருந்தால் இது நடந்தே இருக்காது என்று அறுதியிட்டுச் சொல்ல மாட்டேன். போர் இதை எளிதாக்கியது என்பதில் எனக்கு ஐயமில்லை.

செலிம் அரியணை இழந்த ஆறே வாரத்தில், 1807 ஜூலை 7 அன்று, நெப்போலியன் டில்சிட்டில் ரஷ்யச் சார் அலெக்சாந்தருடன் உடன்பட்டார். உதுமானியருக்கும் ரஷ்யாவுக்கும் இடையே பிரான்சு சமாதானம் பேசும். சுல்தான் இணங்காவிட்டால் இஸ்தான்புல், ருமேலியா நீங்கலாக ஐரோப்பிய மாநிலங்களை அவர் பிடியிலிருந்து அகற்ற இருவரும் சேர்ந்து செயல்படுவார்கள் என்பது அங்கு மறைவாகச் செய்துகொண்ட ஏற்பாடு. உதுமானிய மேலாண்மையின் கீழ்ப் பெயரளவில் இருந்த, கோர்ஃபு உள்ளிட்ட அயோனியத் தீவுகள்கூட இஸ்தான்புல்லைக் கேட்காமலேயே ரஷ்யாவிடமிருந்து பிரான்சுக்குக் கைமாறின. எந்த நட்புக்காகச் செலிம் இரண்டு வல்லரசுகளோடு போருக்குப் போனாரோ, அந்த நட்பின் ஆயுள் ஓர் ஆண்டுகூட இல்லை.

பாலைவழி:

இந்த விவாதத்துக்கு நம் பக்கத்திலிருந்து ஒரு செய்தியைச் சேர்க்கிறேன். 1798 செப்டம்பரில் செலிம் மைசூரின் திப்பு சுல்தானுக்கு ஒரு கடிதம் எழுதினார். பிரெஞ்சுக்காரரை நம்ப வேண்டாம், ஆங்கிலேயரோடு பிணக்கு இருந்தால் அதைத் தீர்த்துவைக்கத் தாம் உதவுகிறோம் என்பது அதன் சாரம். அக்கடிதம் ஆங்கிலேயர் வழியாகவே வந்தது. கவர்னர் ஜெனரல் வெல்லஸ்லி 1799 ஜனவரியில் அதைத் திப்புவுக்கு அனுப்பிவைத்தார். மே 4 அன்று ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்து, திப்பு கொல்லப்பட்டார். பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன் இதே இஸ்தான்புல்லுக்குத் தூதுக்குழு அனுப்பி ஆதரவு தேடியவர் அவர். நலிந்த பேரரசு ஒரு வல்லரசோடு சேரும்போது, நிலத்தையும் துறைமுகத்தையும் மட்டுமல்லாமல் சுல்தான் தாங்கிய கலீபா (முஸ்லிம்களின் தலைவர்) என்ற பெயருக்கு இருந்த மதிப்பையும் அந்த வல்லரசின் பயனுக்குக் கொடுக்க வேண்டியிருந்தது. வடகரை அவர்களின் கணக்கில் இந்தச் செலவு விடுபட்டிருக்கிறது.

செங்காந்தள்:

பாலைவழி அவர்கள் சொன்னது சிந்திக்க வேண்டியது. அதன் தொடர்ச்சியாக, இதுவரை எவரும் தொடாத 1809 ஜனவரி 5ஐக் குறிப்பிட விரும்புகிறேன். டார்டனெல்ஸ் கரையில் பிரிட்டனுடன் செய்த அந்த உடன்படிக்கையில்தான் இக்காலத்தின் தெளிவான ராஜதந்திரம் தெரிகிறது என்பது என் கருத்து. அமைதிக்காலத்தில் எந்த நாட்டுப் போர்க்கப்பலும் நீரிணைகளுக்குள் நுழையக் கூடாது என்ற உதுமானியரின் பழைய விதியைப் பிரிட்டன் எழுத்தில் ஏற்றுக்கொண்டது. பத்தாண்டுகளுக்கு முன் கூட்டாளிகளுக்காகத் திறந்த வாசலை, ஒரு வல்லரசின் ஒப்புதலோடு எல்லோருக்கும் மூடினார்கள். இதே விதிதான் 1841இல் லண்டனில் ஐரோப்பிய வல்லரசுகள் அனைத்தும் ஏற்ற பொது விதியாயிற்று. இதற்கு ஈடாகப் பிரிட்டிஷ் வணிகச் சலுகைகளை மறுபடி உறுதிசெய்து கொடுத்தார்கள்; அந்தச் சுமை பின்னாளில் பெருகியது வேறு கதை.

இதைச் செய்தபோது அரியணையில் இருந்தவர் செலிம் அல்லர், இரண்டாம் மகமூது. அவரை அரியணையில் அமர்த்திய கிராண்ட் வசீர் முஸ்தபா பாஷா ஜானிசரிக் கலகத்தில் இறந்து இரண்டு மாதங்கள்கூட ஆகியிருக்கவில்லை. ஒரு மன்னரின் தனித்திறமையைவிட, எவர் ஆண்டாலும் தொடர்ந்து பணியாற்றிய எழுத்தர் வர்க்கத்தின் அனுபவத்துக்கே இதில் பெரும்பங்கு உண்டு என்று நினைக்கிறேன்.

வடகரை:

செலிம் 1793இல் லண்டனிலும், 1797இல் பாரிசிலும், அவற்றோடு வியன்னாவிலும் பெர்லினிலும் நிலையான தூதரகங்களைத் திறக்காமல் இருந்திருந்தால், அந்த எழுத்தர்களுக்கு ஐரோப்பாவைப் பற்றிய அறிவு எங்கிருந்து வந்திருக்கும்? ஆகவே 1809இலும் அவருக்குப் பங்கு உண்டு.

இனி ரஷ்யாவுடனான போரை முடித்த புக்காரெஸ்ட் உடன்படிக்கை. 1811 இறுதியில் டான்யூபின் வடகரையில் உதுமானியப் படையை ரஷ்யத் தளபதி குட்டூசோவ் சுற்றிவளைத்தார். பசியாலும் நோயாலும் தேய்ந்த அந்தப் படை சரணடைந்தது. அவ்வளவு பெரிய தோல்விக்குப் பிறகு, 1812 மே 28 உடன்படிக்கையில் மொல்தாவியாவின் மேற்குப் பகுதியும் வாலாக்கியா முழுவதும் திரும்பக் கிடைத்தன. புரூத் ஆற்றுக்குக் கிழக்கிலுள்ள பெசராபியா மட்டும் போயிற்று. நெப்போலியன் வருகிறார் என்பதை அறிந்தே, ரஷ்யாவை அந்த அளவில் நிறுத்தினார்கள். வல்லரசுகளின் பகையைத் தன் பாதுகாப்பாக மாற்றிக்கொண்டதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டுமா?

கீழைக்கடல்:

நெப்போலியன் ரஷ்ய எல்லையிலுள்ள நேமன் ஆற்றைக் கடந்தது 1812 ஜூன் 24. உடன்படிக்கைக்குச் சரியாக 27 நாட்களுக்குப் பிறகு. அதுவரை பொறுத்திருந்தால் பெசராபியாவையும் கேட்டிருக்கலாம். அப்படிப் பொறுக்காததன் விளைவாக, ரஷ்யாவின் டான்யூப் படை விடுபட்டு, சிச்சாகோவின் தலைமையில் வடக்கே நடந்து, நவம்பரில் பெரெசினா ஆற்றங்கரையில் நெப்போலியனின் பின்வாங்கலை மறித்தது. இழப்பு எவ்வளவு பெரியது என்று இஸ்தான்புல்லும் உணர்ந்திருந்தது. பேச்சுவார்த்தையில் பங்குகொண்ட மொழிபெயர்ப்பாளர் திமித்ரி மொரூசியைத் துரோகி என்று கருதிக் கொன்றார்கள்.

வடகரை:

டில்சிட்டில் நடந்ததைச் சற்றுமுன் தாங்களே விவரித்தீர்கள். அப்படிக் கைவிட்ட ஒருவர் இந்த முறை கைவிட மாட்டார் என்று நம்பிப் போரை நீட்டிக்க, 1812 மே மாதத்தில் எந்த அமைச்சர் துணிந்திருப்பார்? டான்யூப் கரையில் படை இல்லை. கருவூலத்தில் பணம் இல்லை. நெப்போலியனும் அலெக்சாந்தரும் மறுபடி சமாதானம் செய்துகொண்டால் முழு விலையையும் உதுமானியரே கொடுத்திருக்க வேண்டும். கையில் கிடைத்த சமாதானத்தை ஏற்றுக்கொண்டதால்தான், ரஷ்யா மேற்கே மூழ்கியிருந்த 1813இல், உதுமானியப் படை செர்பியாவுக்குள் நுழைந்து பெல்கிரேடை மீட்டது.

கீழைக்கடல்:

பெல்கிரேடை மீட்டார்கள், இரண்டே ஆண்டில், 1815இல், மிலோஷ் ஒப்ரெனோவிச்சின் தலைமையில் செர்பியர் மறுபடி எழுந்தார்கள். அந்த ஆண்டின் நடுவில் நெப்போலியன் முடிவாக வீழ்ந்தார். ரஷ்யாவின் கைகள் கட்டவிழ்ந்திருந்தன. வியன்னா மாநாட்டில் பேரரசின் எல்லைகளுக்கு உத்தரவாதம் தரலாம் என்று எழுந்த யோசனையும் நிறைவேறாமல் போயிருந்தது. 1813இல் ஊருக்குள் புகுந்து அடக்கிய அதே அரசு, இந்த முறை ரஷ்யா தலையிடும் என்று அஞ்சி, அந்த ஆண்டு முடிவதற்குள் மிலோஷுடன் பேசி உள்ளாட்சி உரிமைகளைக் கொடுத்தது. இடையில் இஸ்தான்புல்லில் மன்னரும் மாறவில்லை, படையும் பெரிதாக மாறவில்லை.