லைனர் பிஸ்டன் மாத்தினதுல இருந்து 5 ஹெச்பி ஆயில் இன்ஜின் உதறுது, என்ன பண்ணலாம்?

கெணத்துமேடு:
வணக்கம்ங்க. தோட்டத்துல 5 ஹெச்பி டீசல் இன்ஜின், ஒத்த சிலிண்டர், 1500 ஆர்பிஎம், பம்பு நேர் கப்ளிங் (பெல்ட் இல்லாம இன்ஜினோட நேரா மாட்டினது). போன மாசம் லைனர் (பிஸ்டன் ஓடற குழாய்), பிஸ்டன் மாத்துனோம், அதுல இருந்து ஒரே உதறல், ஃபவுண்டேஷன் நட்டு ரெண்டு நாளைக்கு ஒருக்கா லூசாகுது, டேங்க் மேல டீ டம்ளரை வெச்சா தானா நடந்து போய் கீழ விழுது. தண்ணி மட்டும் முன்னைவிட ஜோரா விழுது, அது ஒண்ணுதான் சந்தோஷம். மெக்கானிக் அண்ணன் ஒத்த சிலிண்டர்னா அப்படித்தான்ங்கறார், பக்கத்து தோட்டத்துக்காரர் ஃப்ளைவீலை (பக்கத்துல சுத்தற கனமான சக்கரம்) பெருசா போடுங்கறார். அடியில ரப்பர் சீட்டு வெச்சா நிக்குமா?

லேத்துபட்டறை:
ஃப்ளைவீல்ல காசைப் போடாதீங்க. அது வெடிக்கு வெடி சுத்து ஏறி இறங்காம பாத்துக்கும், அவ்ளோதான். உங்க உதறல் பிஸ்டன் மேல போய் நின்னு திரும்பறதுல வர்றது. பிஸ்டன், பின், பிஸ்டனைக் கிராங்க்கோட இணைக்கற ராடோட மேல்பாதி எல்லாம் சேத்து ஒரு கிலோ, ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கற தூரம்) 110 மில்லிமீட்டர்னு வெச்சுக்கிட்டா 1500ல அது கிட்டத்தட்ட 140 கிலோ இழுப்பு, செகண்டுக்கு 25 தடவை. கிராங்க்ல, அதாவது ராடு சுத்தி விடற தண்டுல, இருக்கற பேலன்ஸ் வெயிட் இதுல சுமார் பாதியைத்தான் அடிக்கும், முழுசா அடிக்கற மாதிரி போட்டா மேல கீழ குதிக்கறது நின்னு பக்கவாட்டுல ஆட ஆரம்பிச்சிரும். பழைய பிஸ்டனைத் தூக்கிப் போடலைன்னா மளிகைக்கடை தராசுல ரெண்டையும் நிறுத்துப் பாருங்க. ஃப்ளைவீலைத் தண்டோட பூட்டற சாவிக்கட்டை ஆடுதான்னும் பாருங்க.

பழைய_இரும்பு:
ரப்பர் வேணாம் தம்பி. நேர் கப்ளிங்ல இன்ஜின் மட்டும் ரப்பர்ல ஆடி பம்பு சிமெண்ட்ல நின்னா கப்ளிங்ல இருக்கற ரப்பர் புஷ் ஒரு வாரம் தாங்காது. அடியில சிமெண்ட் திட்டு எவ்ளோ பெருசு? இன்ஜின் எடைக்கு மூணு மடங்காவது இருக்கணும், சில பேர் நாலு செங்கலை அடுக்கி மேல பூசிட்டு ஃபவுண்டேஷன்ங்கறாங்க.

அது கிடக்கட்டும், தண்ணி ஜோரா விழுதுன்னீங்களே, அதான் எனக்கு உறுத்துது. பிஸ்டன் மாத்துனா தண்ணி ஏன் கூடணும்? பம்பு வேகமா சுத்துனாத்தான் கூடும். கவர்னர் (இன்ஜின் வேகத்தைக் கட்டுப்படுத்தறது) ஸ்பிரிங்கை முறுக்கி விட்டிருப்பாங்க. வேகம் 1500ல இருந்து 1800க்குப் போனா உதறல் ஒண்ணரை மடங்கு கிட்ட ஏறிரும். டீசலும் குடிக்குமே, புகை கருப்பா வருதா?

கெணத்துமேடு:
ஆமாங்கண்ணா கருப்புப் புகைதான், புது ரிங் செட்டாகற வரைக்கும் வரும்னு நெனச்சுட்டேன்.

கெணத்துமேடு (நாலு நாள் கழிச்சு):
மோட்டார் காயில் கட்டற தம்பிகிட்ட டேக்கோமீட்டர் (சுத்தற வேகத்தை அளக்கற கருவி) வாங்கி ஃப்ளைவீல்ல ஸ்டிக்கர் ஒட்டி அடிச்சுப் பாத்தோம், 1740! ஸ்பிரிங்கை நெகிழ்த்தி 1500க்கு கொண்டு வந்தாச்சு, டம்ளர் இப்ப நகரல, நடுங்குது அவ்ளோதான். பிஸ்டனும் நிறுத்தோம், புதுசு 60 கிராம் கூட, அதை அப்படியே விட்டுட்டேன். தண்ணி பழையபடி ஆயிருச்சு, கடைசி பாத்திக்குப் போய்ச் சேர கூடுதலா முக்கா மணி நேரம் ஆகுதுன்னு வீட்ல திட்டு.

பழைய_இரும்பு:
ஃபவுண்டேஷன் நட்டுக்கு மேல செக் நட்டு (லூசாகாம இறுக்கற ரெண்டாவது நட்டு) போட்டுருங்க. வீட்ல டீசல் கணக்கைக் காட்டுங்க.