தனியே இருந்தால் வரும் விடை நேர்காணலில் ஏன் வர மறுக்கிறது?

கேள்வி (மண்டபத்துப் பையன்):

வணக்கம். நான் மண்டபத்தைச் சேர்ந்தவன். கணினிப் பொறியியல் முடித்து ஓராண்டு ஆகிறது. இதுவரை 4 நிறுவனங்களின் தொழில்நுட்ப நேர்காணல்களில் கலந்துகொண்டு, நான்கிலும் வாயடைத்துப் போய்த் தோற்றிருக்கிறேன். சென்ற வாரம் காணொளி வழியாக நடந்த நேர்காணலில், ஒரு லிங்க்டு லிஸ்டில் (ஒவ்வொரு கண்ணியும், அதாவது நோடும், அடுத்ததைச் சுட்டும் தரவுச் சங்கிலி) சுழல் இருக்கிறதா, அதாவது சங்கிலி முன்பு வந்த நோடுக்கே திரும்புகிறதா என்று கண்டறியும் நிரலை எழுதச் சொன்னார்கள். வீட்டில் அதைப் பலமுறை எழுதியிருக்கிறேன். ஆனால் திரையைப் பகிர்ந்ததும், எதிரே ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்ற நினைப்பில், ஒரு வைல் லூப்பை (ஒரு வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யவைக்கும் நிரல் வரிகளை) எப்படித் தொடங்குவது என்பதே மறந்துவிட்டது. ஏறத்தாழ 6 நிமிடம் ஒன்றும் பேசாமல் இருந்தேன். இணைப்பு அறுந்துவிட்டதா என்று அவர் இருமுறை கேட்டார். ஆமாம் என்று சொல்லித் தப்பித்துவிடலாமா என்றுகூட எனக்குத் தோன்றியது.

மீன்பிடித் தடைக்காலம் என்பதால், விசைப்படகில் தொழிலுக்குப் போகும் என் அப்பா அப்போது முற்றத்தில் வலையின் கிழிசலைச் சரிசெய்துகொண்டிருந்தார். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனால் நான் பேசாமல் இருந்தது அவருக்கு நன்றாகவே கேட்டிருக்கும். அன்றிரவு அவர் அதைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. இன்னும் ஓர் இருநூறு நிரல் கணக்குகளைப் போட்டுப் பழகினால் இது சரியாகுமா, அல்லது இந்தத் துறையே எனக்கு ஒத்துவராதா?

பதில் 1 (பரமக்குடி நண்பர்):

நேர்காணலுக்கு முன் ஆழமாக மூச்சை இழுத்து மெதுவாக வெளியே விடுங்கள். மனம் அமைதியடைந்தால் எல்லாம் தானாக வரும்.

பதில் 2 (கீழக்கரைக்காரன்):

தம்பி, மூச்சுப் பயிற்சியை நான் குறை சொல்லவில்லை; படபடப்பு சற்றுத் தணியும். ஆனால் அதனால் மட்டும் எல்லாம் தானாக வந்துவிடாது. சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் சில ஆண்டுகளாகக் கேள்வி கேட்கும் இடத்தில் இருக்கிறேன். உங்களைப் போல வாயடைத்துப் போனவர்களைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

2020ஆம் ஆண்டு வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தாரும் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தாரும் இதையே சோதித்துப் பார்த்தார்கள். 48 கணினி அறிவியல் மாணவர்களில் ஒரு பாதியினர், வழக்கமான நேர்காணலைப் போல ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க, வாய்விட்டு விளக்கியபடி வெண்பலகையில் கணக்கைப் போட்டார்கள். மறுபாதியினர் தனியறையில் போட்டார்கள். பார்க்கப்பட்டவர்களின் திறன் பாதிக்கும் கீழே போனது. 48 பேர் என்பது சிறிய எண்ணிக்கைதான், அதை வைத்து எல்லாவற்றையும் முடிவு செய்துவிட முடியாது. ஆனாலும் உங்களுக்கு நேர்ந்தது அறிவுக்குறை என்று எடுத்துக்கொள்ளத் தேவையில்லை என்பதற்கு அது போதும். ஒரு கணக்கைப் போடும்போது மனம் ஒரே நேரத்தில் ஏந்திக்கொள்ளக்கூடிய செய்திகள் மிகச் சிலவே. "இவர் என்னைப் பற்றி என்ன நினைக்கிறார்" என்ற கவலை அந்தச் சிறிய இடத்தில் வந்து உட்கார்ந்துகொண்டால், லூப்புக்கு இடமில்லாமல் போகிறது. போதாததற்கு, தமிழில் நினைப்பதை ஆங்கிலத்தில் சொல்லும் வேலையும் அங்கேயே நடக்கிறது. நம் பக்கத்துப் பிள்ளைகளை இதுதான் அதிகம் படுத்துகிறது என்பது என் எண்ணம்.

ஆகவே தனியறையில் இருநூறு கணக்குகள் போடுவதால் உங்களுக்குப் பெரிய பயன் இராது. தனியறையில்தான் உங்களுக்கு ஏற்கெனவே வருகிறதே! ஒருவர் பார்க்க, வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே இருபது கணக்குகள் போடுங்கள். பார்ப்பவருக்கு நிரல் தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. அப்பா வீட்டில்தானே இருக்கிறார்? அவரையே எதிரே உட்கார வையுங்கள். முதலில் தமிழில் சொல்லிப் பழகி, பிறகு அதையே ஆங்கிலத்தில் சொல்லுங்கள்.

இன்னொன்று. சிறந்த விடையோடுதான் தொடங்க வேண்டும் என்று நினைக்காதீர்கள். சுழல் கணக்கில், கடந்து வந்த நோடுகளை ஒரு செட்டில் (எதையும் ஒரே முறை மட்டும் வைத்துக்கொள்ளும் தொகுப்பில்) போட்டுக்கொண்டே போய், ஏற்கெனவே பார்த்த நோடு மறுபடி வந்தால் சுழல் இருக்கிறது என்று சொல்லலாம். நினைவகம் கூடுதலாகச் செலவாகும், அவ்வளவுதான். அதை எழுதியவரிடம் அடுத்த படிக்குப் போகச் சொல்லுவேன். பேசாமல் இருப்பவருக்கு எந்த இடத்தில் உதவுவது என்று எனக்குத் தெரியாது. "இரண்டு நிமிடம் யோசித்துவிட்டுச் சொல்லுகிறேன்" என்று கேட்டுக்கொள்வதில் தவறே இல்லை. (அண்ணனைக் காக்கா என்பது எங்கள் ஊர் வழக்கம்; என்னையும் அப்படியே அழைக்கலாம்.)

பதில் 3 (தொண்டி வாசகி):

எனக்கும் இப்படித்தான் இருந்தது. எனக்கு உதவியது, நேர்காணலுக்குப் பத்து நிமிடம் முன்பு மனத்தில் இருக்கும் பயத்தையெல்லாம் ஒளிவுமறைவின்றித் தாளில் எழுதிக் கிழித்துப் போடுவதுதான். தேர்வுக்கு முன் இவ்வாறு எழுதிய மாணவர்கள், குறிப்பாகத் தேர்வுப் பயம் மிகுந்தவர்கள், கூடுதல் மதிப்பெண் பெற்றார்கள் என்று சிகாகோ பல்கலைக்கழக ஆய்வொன்று 2011இல் வெளியானது. கிழிப்பது மட்டும் என் சொந்தச் சேர்க்கை. அம்மா படித்துவிடுவார் என்ற பயம்!

பதில் 4 (பெரியபட்டினம்):

எல்லாரும் ஆறுதல் சொல்லுகிறீர்கள். நான் ஒன்றைக் கேட்கிறேன். நான்கு முறையும் பதற்றத்தால்தான் விடை வரவில்லை என்று உறுதியாகத் தெரியுமா, தம்பி? தெரியாததையும் பதற்றத்தின் கணக்கில் எழுதிவிடுவது எளிது. நானே இரண்டு ஆண்டுகள் அப்படிச் செய்தவன். ஒவ்வொரு நேர்காணலும் முடிந்தவுடன், எதையும் புரட்டாமல், அதே கேள்வியோடு தனியே அரை மணி நேரம் உட்காருங்கள். விடை வந்தால் அது பதற்றம். வராவிட்டால் படிக்க வேண்டிய பாடம் இருக்கிறது. இரண்டுக்கும் மருந்து வேறு.

மண்டபத்துப் பையன்:

எல்லாருக்கும் நன்றி. பெரியபட்டினம் அண்ணன் சொன்னதைக் கோபத்தோடுதான் படித்தேன். ஆனால் நினைவில் இருந்த பழைய கேள்விகளை வைத்துச் செய்து பார்த்தேன். சுழல் கணக்கு 9 நிமிடத்தில் வந்தது. இரண்டாவது நேர்காணலில் கேட்ட, டேட்டாபேஸ் இண்டெக்ஸ் (தரவுத்தளத்தில் தேடுவதை விரைவாக்கும் அமைப்பு) எவ்வாறு வேலை செய்கிறது என்ற கேள்விக்கு, அரை மணி நேரம் உட்கார்ந்தும் நான்கு வரிகளுக்கு மேல் எழுத முடியவில்லை. அதையும் பதற்றம் என்றே இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

காக்கா, நேற்றிரவு அப்பாவை எதிரே உட்கார வைத்தேன். முதல் ஐந்து நிமிடம் கை நடுங்கியது. செட் இல்லாத வேறு வழியில், லிஸ்டில் இருவர் நடப்பதாக வைத்துக்கொண்டால், ஒருவன் ஒவ்வொரு நோடாகவும் மற்றவன் இரண்டிரண்டாகவும் போவார்கள், சுழல் இருந்தால் சந்திப்பார்கள் என்று தமிழில் சொன்னேன். "வேகமாகப் போகிறவன் தாண்டிப் போய்விட மாட்டானா?" என்று கேட்டார். அந்தக் கேள்வியை நான் எனக்கே ஒருநாளும் கேட்டுக்கொண்டதில்லை. சற்று நேரம் யோசித்துத்தான் சொன்னேன்: இருவரும் சுழலுக்குள் வந்துவிட்டால், வேகமாகப் போகிறவன் மற்றவனைப் பிடிக்க வேண்டிய தூரம் ஒவ்வோர் அடிக்கும் சரியாக ஒன்று குறைகிறது, ஆகவே தாண்டிப் போக வழியில்லை. அவர் தலையசைத்தார்.

அடுத்த நேர்காணல் ஜூன் 11ஆம் தேதி. தடைக்காலம் 14ஆம் தேதி வரை இருப்பதால் அதுவரை அப்பா வீட்டில்தான் இருப்பார். இன்றிரவு இண்டெக்ஸ் பாடத்தைப் படித்துவிட்டு, நாளை அவரிடம் விளக்கவிருக்கிறேன்.