"நீங்க" எப்போது "நீ" ஆனது? கவுன்சலிங் அறையில் நமக்கு நடந்தவை

மலைக்கோட்டை:

நான்தான் ஆரம்பிக்கிறேன். ஆளை அடையாளம் தெரியாதபடி சிலதை மாற்றியிருக்கிறேன், விஷயம் அதேதான்.

திருச்சியில் கவுன்சலிங் வேலைக்கு வந்து இரண்டாவது வருடம். எனக்கு இருபத்தொன்பது வயது. அவருக்கு ஐம்பத்து நாலு, லேத் பட்டறை வைத்திருந்தவர், தூக்கம் வரவில்லை என்று டாக்டர் அனுப்பியிருந்தார். முதல் நாளே "நீங்க சொல்லுங்கம்மா" என்றுதான் பேச்சு. அதில் என்ன இருக்கிறது, காய்கறி விற்பவரும் நம்மை அம்மா என்றுதான் கூப்பிடுகிறார். நம் ஊரில் டிரான்ஸ்ஃபரன்ஸைப் பிடிப்பது கஷ்டம் என்று நான் சொல்வதே இதனால்தான். தன் வாழ்க்கையில் முக்கியமான ஒருவர் மேல் இருந்த பாசத்தையோ கோபத்தையோ கிளையன்ட் நம் மேல் ஏற்றிவிடுவது என்று வகுப்பில் படித்தோம், சரி. ஆனால் இங்கே வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அம்மா, அக்கா, தம்பி எல்லாம் வந்துவிடுகிறதே, எது வெறும் மரியாதை, எது அடிமனசிலிருந்து வருவது என்று எப்படிப் பிரிப்பது?

ஏழாவது எட்டாவது செஷன் இருக்கும். மனைவியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தவர் சட்டென்று நிறுத்தி, "நீ சாப்பிட்டியா?" என்றார். மதியம் ஒன்றரை. சாப்பிடவில்லை, ஆனால் "சாப்பிட்டேன்" என்றேன். அதற்கப்புறம் நீ, வா, போதான். ஒருநாள் நான் ஐந்து நிமிடம் தாமதமாக வந்ததற்கு, "பெரியவங்களைக் காக்க வைக்கறதுதான் படிச்ச படிப்பா?" என்று முகம் சிவந்துவிட்டது. அடுத்த வாரம் டப்பா நிறைய முறுக்கு.

முதல் நாள் படிவத்தில் "ஒரு மகள், கல்யாணமாகிவிட்டது" என்று என் கையால்தான் எழுதியிருந்தேன். எழுதிவிட்டு அப்படியே தாண்டிப் போயிருந்தேன்.

என் தப்பு என்னவென்றால், எனக்கு அது பிடித்திருந்தது. அப்பா போனது நான் காலேஜில் இருந்தபோது. அதற்கப்புறம் சாப்பிட்டாயா என்று அந்தக் குரலில் கேட்க ஆள் இல்லை. ஐம்பது நிமிட செஷன் ஒரு மணி பத்து நிமிடம் ஆனது, பின்னால் யாரும் காத்திருக்க வேண்டாம் என்று அவரைச் சனிக்கிழமை கடைசி நேரத்துக்கு மாற்றினேன். இதையெல்லாம் "அவருக்குத் தேவைப்படுகிறது" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். என் கேஸ்களைக் கேட்டு வழிகாட்டும் சூப்பர்வைசர் மேடம் டைரியைப் புரட்டிவிட்டு, "இவருக்கு மட்டும் ஏன் நீளுது?" என்றார். நான் ஏதேதோ விளக்கம் கொடுத்தேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "சாப்பிட்டியான்னு அவர் கேட்டப்ப உனக்கு யார் ஞாபகம் வந்தாங்க?" என்றார். நான் டீ கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்றைக்கு மேடம் டோரா கதையைச் சொன்னார். உளப்பகுப்பாய்வைத் தொடங்கிவைத்த ஃப்ராய்டிடம் 1900 இல் வந்த பதினெட்டு வயதுப் பெண், சுமார் பதினொரு வாரத்தில் சிகிச்சையை விட்டுப் போய்விட்டாள். 1905 இல் அதை வெளியிட்டபோது, டிரான்ஸ்ஃபரன்ஸை உரிய நேரத்தில் கையாளத் தவறிவிட்டேன் என்று ஃப்ராய்டே ஒப்புக்கொண்டார். "தவறுனது பரவாயில்ல. அவர் எழுதி வெச்சார், நீ என்கிட்ட மறைச்சே" என்றார் மேடம். அது சுருக்கென்று தைத்தது.

சரி, என்ன செய்தேன்? முதலில் நேரத்தைப் பழையபடி ஐம்பது நிமிடத்துக்குக் கொண்டுவந்தேன். "பிஸி ஆயிட்டே போல" என்றார். இரண்டு வாரம் கழித்து, "சார், ஆரம்பத்துல என்னை நீங்கன்னு கூப்பிட்டீங்க, இப்ப நீன்னு சொல்றீங்க. எனக்கு வருத்தம் எதுவும் இல்ல. எப்ப மாறுச்சுன்னு ரெண்டு பேரும் யோசிச்சுப் பாக்கலாமா?" என்று கேட்டேன். மனுஷன் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார். "மன்னிச்சுக்குங்கம்மா, தப்பா எடுத்துக்காதீங்க." போச்சு, கெடுத்துவிட்டேன் என்று நினைத்தேன். இரண்டு சனிக்கிழமை ஆள் வரவில்லை. மூன்றாவது சனிக்கிழமை வந்து உட்கார்ந்தார், ஃபேனைப் பார்த்தபடி சொன்னார்: "அவளும் இப்படித்தான், மூஞ்சிக்கு நேரா கேப்பா." அன்றைக்குத்தான் முதல் தடவையாக மகளின் பெயரைச் சொன்னார். அவள் வேறு சாதியில் கல்யாணம் செய்து ஆறு வருடமாகப் பேச்சே இல்லை.

மகளோடு பேசினாரா என்று கேட்பீர்கள். நான் அங்கே இருந்தவரை பேசவில்லை. தூக்கம் மட்டும் வந்தது.

வன்னிக் காற்று:

நான் இலங்கையில் வவுனியாப் பக்கம் உளவளத்துணையாளராக, அதாவது கவுன்சலராக, இருந்தவன். போர் முடிந்து மூன்று நாலு வருடம் இருக்கும். அறை என்று ஒன்றும் இல்லை, வேப்பமரத்தடியில் இரண்டு பிளாஸ்டிக் கதிரை. ஓர் அம்மா வருவா, அவவின் மகன் 2009 இல் காணாமல் ஆக்கப்பட்டவன். என்னைத் "தம்பி" என்றுதான் கூப்பிடுவா, எல்லாரும் அப்படித்தான். ஒருநாள் நான் அவவின் வீட்டுக்குப் போனபோது, தேத்தண்ணியை நீட்டிக்கொண்டே மகனின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டா. கூப்பிட்டது அவவுக்கே தெரியாது. எனக்கும் அவனுடைய வயதுதான்.

"நான் உங்கள் மகன் இல்லை" என்று தெளிவுபடுத்த வேண்டும் என்பது பயிற்சியில் சொன்னது. அந்த வீட்டில் அதை எப்படிச் சொல்வது? அவன் இருக்கிறானா இல்லையா என்றே அவவுக்கு யாரும் சொல்லாத நேரத்தில், அந்த வசனம் தீர்ப்பு மாதிரி விழும். பேசாமல் குடித்துவிட்டு வந்தேன். பாதி பரிவு, பாதி பயம். அடுத்த கிழமை, "அவர் தேத்தண்ணிக்குச் சீனி எவ்வளவு போடுவார் அம்மா?" என்று கேட்டேன். "அவனுக்கு மூண்டு கரண்டி வேணும், உங்களுக்கு ஒண்டு காணும்" என்றா. அந்த இடத்தில் அவனும் நானும் இரண்டு ஆளாகப் பிரிந்தோம், பிரித்தது அவதான். பிறகு அவனைப் பற்றி நிறையக் கதைத்தா.

ஆனால் புரொஜெக்ட் காசு முடிந்துபோச்சு. நாலு கிழமைக்கு முன்னரே சொல்லிவைத்தேன். கடைசி நாள் அவ வரவில்லை. இரண்டு கதிரையையும் நானே தூக்கி உள்ளே வைத்தேன். இன்னும் அது மனதுக்குச் சரியாகப் படவில்லை.

மறுபக்கம்:

நான் ஆலோசகர் இல்லை, கிளையன்ட்டாக இருந்தவள். இங்கே எழுதலாமா என்று யோசித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். எனக்கு என் கவுன்சலர் மேல் காதல் வந்தது. அவருக்கு நாற்பதுக்கு மேல், கல்யாணமானவர். செவ்வாய்க்கிழமைகளில் மட்டும் தலைக்குப் பூ வைத்துக்கொண்டு போவேன். ராத்திரி ஒரு மணிக்கு ஃபேஸ்புக்கில் அவர் மனைவியின் போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்திருக்கிறேன்.

இதற்கு முன்னால் பார்த்த ஒருவரிடம் இப்படி லேசாகத் தெரிந்ததுமே, "இனி வேறு யாரையாவது பாருங்கள்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி வந்தது, அவ்வளவுதான். அந்த அவமானத்தில் எட்டு மாதம் யாரிடமும் போகவில்லை. இவர் வேறு மாதிரி. நடுங்கிக்கொண்டே சொன்னேன். கொஞ்ச நேரம் கழித்து, "சொன்னது நல்லது. இது இந்த அறைக்கு வெளியே எதுவாகவும் ஆகாது, அதில் மாற்றமே இல்லை. உள்ளே எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம்" என்றார். மூன்று வாரம் கோபத்தில் பேசவே இல்லை, ஃபீஸ் கட்டிவிட்டு உட்கார்ந்திருந்தேன். அப்புறம்தான் ஒன்று பிடிபட்டது. எங்கள் வீட்டில் நான் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் யாராவது குறுக்கே வந்துவிடுவார்கள். அவர் ஒருவர்தான் முற்றுப்புள்ளி வரை காத்திருந்தவர்.

சாக்பீஸ்:

பாசமும் காதலும் கண்ணுக்குத் தெரிந்துவிடும். எனக்குப் பயம் "நீங்க சொன்னா சரிதான் சார்" ஆட்களிடம்தான். மனநல மருத்துவர் நேக்கி 1973 இல், குரு–சீடர் உறவை நம் நாட்டு மனச்சிகிச்சைக்கு ஒரு மாதிரியாக வைக்கலாமா என்று கட்டுரை எழுதினார். இங்கே ஆலோசனை கேட்டு வருபவர் நம்மைப் பெரியவராக்கித்தான் பார்க்கிறார் என்பதால் அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் ஒரு பையன் நான் கேட்ட எதற்கும் மறுப்பே சொல்லாமல் ஆறு மாதம் வந்தான். நான் நல்ல கவுன்சலர் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பெல்ட்டால் அடிக்கும் அப்பாவிடமும் அவன் இப்படியே தலையாட்டித்தான் தப்பித்திருக்கிறான்.

மலைக்கோட்டை, ஒரு கேள்வி. அந்த முறுக்கை என்ன செய்தீர்கள்?

மலைக்கோட்டை:

மறுபக்கம், எழுதியதற்கு நன்றிம்மா. 1915 இல் ஃப்ராய்ட், சிகிச்சை செய்பவர் மேல் வரும் இந்தக் காதலைப் பற்றியே ஒரு கட்டுரை எழுதினார். அதற்கு இணங்கவும் கூடாது, அடக்கவும் கூடாது என்கிறார், சிகிச்சையில் வரும் காதலைப் பொய் என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை என்றும் சொல்கிறார். உங்கள் இரண்டாவது ஆள் அதைத்தான் செய்திருக்கிறார்.

சாக்பீஸ், வசமாகப் பிடித்துவிட்டீர்கள். கிளையன்ட் தரும் தின்பண்டத்தை ஆபீஸில் பொதுவாக வைத்துவிட வேண்டும் என்பது எங்கள் வழக்கம். இரண்டாவது டப்பாவை அப்படி வைத்தேன். முதல் டப்பாவை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போய், நாலு நாள், கதவைச் சாத்திக்கொண்டு, நானே தின்று தீர்த்தேன். மேடத்திடம் இதைச் சொல்லவே இல்லை.