பச்சைத்தேயிலை விலை இறங்கிய மாதத்தில் தசமபாகம் எதன்மேல் கணக்கிடுவது?

கோத்தகிரி சபைக் கமிட்டி
ஸ்தோத்திரம். எங்கள் சபையில் பெரும்பாலோர் அரை ஏக்கர், ஒரு ஏக்கர் தேயிலைக்காரர்கள். ஃபேக்டரி பணம் மாதம் ஒருமுறை வரும், அதுவும் ஒரே அளவாய் இராது. தசமபாகம், அதாவது கடவுளுக்கென்று கொடுக்கும் பத்தில் ஒரு பங்கு, மொத்த வரவிலா, செலவு போக மிச்சத்திலா என்று கேட்கிறார்கள். சிலர் குழு லோன் எடுத்துக் காணிக்கை போடுகிறார்கள். வேறு சிலர் கொடுக்க வழியில்லாத கூச்சத்தில் ஆராதனைக்கே வருவதில்லை. இவர்களுக்கு என்ன சொல்வது?

மலைச்சரிவு
முதலில் ஒரு கணக்கு போட்டுக் காட்டுங்கள், பாதி குழப்பம் தீரும். உதாரணத்துக்கு மாதம் 400 கிலோ இலை, கிலோ 18 ரூபாய்: வரவு 7,200. ஒரு ஆள் நாளைக்கு 33 கிலோ பறித்தால் 12 ஆள்கூலி, 400 வீதம் 4,800. வண்டி வாடகை 400. உரம், மருந்தில் அந்த மாதப் பங்கு 800. கையில் நிற்பது 1,200. மொத்தத்தில் பத்தில் ஒன்று என்றால் 720, அதாவது மிச்சத்தில் அறுபது சதவீதம். மிச்சத்தில் என்றால் 120. குடும்பத்தாரே பறித்தால் கூலி வெளியே போகாது. அப்போது மிச்சம் 6,000, தசமபாகம் 600. ஒரே தோட்டம்தான், வீட்டுக்கு வீடு கணக்கு மாறும். அதனால் ஏக்கருக்கு இவ்வளவு என்று சபையில் அறிவிக்கவே கூடாது.

ஜெபவீடு
செலவைக் கழிக்க ஆரம்பித்தால் முடிவு ஏது, ஐயா? போன் ரீசார்ஜ், கேபிள் எல்லாம் அதில் சேரும். நீதிமொழிகள் 3:9 முதற்பலன், அதாவது விளைச்சலில் முதலாவதைக் கொடு என்கிறது. மிச்சத்தைக் கொடுப்பது முதற்பலன் ஆகுமா?

மலைச்சரிவு
நியாயமான கேள்விதான், சகோதரரே. ஆனால் முதற்பலனும் தசமபாகமும் ஒன்றல்ல. எண்ணாகமம் 18-ஆம் அதிகாரம் இரண்டையும் தனித்தனியே பேசுகிறது. உபாகமம் 26-இல் முதற்பலன் ஒரு கூடையில் அடங்கிவிடுகிறது. முதல் கொழுந்துப் பணம் வந்ததும் முதலில் ஒரு சிறு தொகையை எடுத்து டப்பாவில் போடுவது முதற்பலன். பத்தில் ஒன்று வருஷக் கணக்கு. உபாகமம் 14:22 வருஷந்தோறும் என்றே சொல்கிறது. ஜனவரி, பிப்ரவரியில் உறைபனி கருக்கிய தோட்டத்தில் கொழுந்தே இராது. அந்த மாதத்தைத் தனியாகப் பிடித்துக் கணக்குக் கேட்டால் ஆள் ஒடிந்துபோவான். மார்ச் தொடங்கி மறு பிப்ரவரி வரை ஒரே நோட்டில் எழுதச் சொல்லுங்கள். கழிக்கலாம் என்பது தோட்டச் செலவு மட்டும். கேபிள் கழியாது!

இன்னொன்று: பறித்தவர் கூலி பாக்கி இருக்கும்போது காணிக்கை வேண்டாம். யாக்கோபு 5:4-இல் பிடித்துவைத்த கூலி கூக்குரலிடுகிறது. இலை ஏஜென்ட் சபையில் இருந்தால், மழைநாளில் ஈரத்துக்கென்று எவ்வளவு கழிக்கிறார் என்பதையும், வெவ்வேறு நிறைகல் வைத்திருக்கக் கூடாது என்கிற உபாகமம் 25:13-ஓடு சேர்த்துப் பேசலாம்.

பிடியரிசி
லோன் எடுத்துப் போடுகிறவர்களிடம் நேராகச் சொல்லிவிடுங்கள். 2 கொரிந்தியர் 8:12 இல்லாததைக் கேட்கவில்லை, இருப்பதைத்தான் பார்க்கிறது. லேவியராகமம் 5-இல் பலிக்கு ஆடு கொடுக்க முடியாதவனுக்கு இரண்டு பறவை, அதுவும் முடியாவிட்டால் எப்பா என்ற பழைய அளவில் பத்தில் ஒரு பங்கு மாவு, சுமார் இரண்டு லிட்டர். லூக்கா 2:24-இல் மரியாளும் யோசேப்பும் கொண்டுபோனதும் பறவைக் காணிக்கைதான். அந்த வரிசையில் இன்றைக்குப் பிடியரிசி: சமைக்கும்போதெல்லாம் ஒரு பிடி தனிப் பானையில், ஞாயிறு அன்று சபைக்கு.

கூச்சத்துக்குக் காரணம் பெரும்பாலும் சபையின் பழக்கம்தான். பெயரும் தொகையும் மைக்கில் வாசிப்பதை நிறுத்துங்கள். பெயரில்லாத கவர் போதும், வருகிற எல்லாருக்கும் ஒரே கவர். அறுப்பின் பண்டிகை ஏலத்தில் ஒரு பூசணி ஆயிரம் ரூபாய்க்குப் போவது அழகாகத் தெரியும், ஆனால் கடன் சொல்லி ஏலம் எடுப்பவரின் பெயர் மறு வருஷம் வரை பாக்கிப் பட்டியலில் நிற்கும். ஏலம் ரொக்கத்துக்கு மட்டும் என்று வையுங்கள். கேரட், உருளை, பீட்ரூட்டைச் சிறு கூறுகளாகப் போட்டால் எல்லார் கையும் எட்டும்.

கோத்தகிரி சபைக் கமிட்டி
நன்றி. வராமல் நின்றவர்கள் திரும்பினால் பழைய பாக்கியை என்ன செய்வது? நோட்டில் இருக்கிறது.

பிடியரிசி
சபை அங்கத்தினர் கட்டும் சந்தா வேறு, மனதாரக் கொடுக்கும் காணிக்கை வேறு. சந்தா பாக்கியை உங்கள் சபை விதிப்படி ஆயரும் கமிட்டியும் தீர்க்கட்டும். காணிக்கைக்குப் பாக்கி என்று ஒன்று கிடையாது. அந்தப் பக்கத்தைக் கிழித்துவிடுங்கள். வீட்டுக்குப் போகும்போது ரசீதுப் புத்தகம் கொண்டுபோகாதீர்கள். உபாகமம் 26:12-இல் மூன்றாம் வருஷத் தசமபாகம் பரதேசிக்கும் திக்கற்ற பிள்ளைக்கும் விதவைக்கும் போகிறது. அறுப்பின் பண்டிகை வரவில் ஒரு பங்கை உறைபனி மாதங்களுக்கென்று ஒதுக்கி வைத்தால், போகிற கையில் அரிசிப் பையே இருக்கும்.