எம்இ 323 ஆர்சி மாடல்: த்ராட்டில் ஏற்றினால் இடப்பக்கம் இழுக்கிறது, உதவி தேவை

கார்முகில்:
வணக்கம் நண்பர்களே. இரண்டாம் உலகப் போரின் ஜெர்மன் சரக்கு விமானமான மெஸ்ஸர்ஷ்மிட் எம்இ 323 கிகாண்டை, ரிமோட்டில் பறக்கும் (ஆர்சி) மாடலாக ஃபோம் ஷீட்டில் செய்திருக்கிறேன். ஆறு சின்ன ப்ரஷ்லெஸ் மோட்டார். சிஜி (எடை மையம்) சரியாக இருக்கிறது, ஏலரானும் (இறக்கையில் அசையும் மடல்) ரடரும் (வால் சுக்கான்) நடுவில்தான். ஆனால் த்ராட்டிலை (மோட்டார் வேகத்தை) பாதிக்கு மேல் ஏற்றினால் மூக்கு இடப்பக்கம் திரும்புகிறது. தரையை விட்டதும் இடது இறக்கை தாழ்கிறது. ட்ரிம் (ரிமோட்டில் செய்யும் சின்னத் திருத்தம்) வைத்தும் அடங்கவில்லை. எங்கே பார்ப்பது?

பழைய எஞ்சின்:
ஆறு பிராப்பும் (மோட்டார் விசிறி) ஒரே பக்கம்தான் சுற்றுகிறதா?

கார்முகில்:
ஆமாம் அண்ணா. பின்னாலிருந்து பார்த்தால் ஆறுமே கடிகாரச் சுற்று.

பழைய எஞ்சின்:
அப்போ ட்ரிம்மை விடுங்கள் தம்பி, கோளாறு அங்கே இல்லை. ஆறு மோட்டாரின் எதிர்விசையும் சேர்ந்து விமானத்தை இடப்பக்கம் புரட்டுகிறது. நிஜ விமானத்திலேயே இதற்கு வழி வைத்திருந்தார்கள். இது முதலில் எஞ்சினே இல்லாத எம்இ 321 கிளைடர். பிரிட்டன் மீது படையெடுக்க 1940-ல் திட்டமிட்டது. அதை மேலே கிளப்ப மூன்று பிஎஃப் 110 போர் விமானங்கள் சேர்ந்து கயிறு கட்டி இழுத்தன. எவ்வளவு ஆபத்து, யோசித்துப் பாருங்கள்! அதனால்தான் பிரான்சின் நோம்-ரோன் எஞ்சின் ஆறு பொருத்தினார்கள். அந்த எஞ்சின் இரு திசையிலும் சுற்றும்படி கிடைத்தது பெரிய வசதி. பின்னாலிருந்து பார்த்தால் வலது இறக்கையில் மூன்றும் கடிகாரச் சுற்று, இடது இறக்கையில் மூன்றும் எதிர்ச்சுற்று.

நீங்களும் வலப்பக்கத்தைத் தொட வேண்டாம். இடது மோட்டார் மூன்றுக்கும் ஈஎஸ்சியிலிருந்து (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி) வரும் மூன்று வயர்களில் ஏதாவது இரண்டை மாற்றிச் செருகுங்கள். கூடவே ரிவர்ஸ் பிராப் (எதிர்ச்சுற்றுக்கென முறுக்கு மாற்றிச் செய்தது) வாங்கியாக வேண்டும். பழைய பிராப்பையே திருப்பி மாட்டினால் வேலைக்கு ஆகாது, பிளேடின் முறுக்கு அதேதான். எழுத்து அச்சிட்ட பக்கம் முன்னால் இருக்கட்டும். பிராப்பைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் திசையைச் சோதிக்க வேண்டும், விரல் பத்திரம்.

நீலவானம்:
நடுவில் ஒரு கேள்வி. 55 மீட்டர் இறக்கை, ஆறு எஞ்சின், அப்படியும் போரில் சுலபமாக மாட்டிக்கொண்டதே?

பழைய எஞ்சின்:
வேகம் 300 கிமீ-யைக்கூடத் தொடாது. இரும்புக் குழாய்ச் சட்டம், மரம், மேலே துணி. சுமப்பதில் மட்டும் கெட்டிக்காரன், 10 டன்னுக்கு மேல் ஏற்றலாம். 1943 ஏப்ரல் 22 அன்று துனிசியாவில் இருந்த படைக்கு எரிபொருள் கொண்டுபோன கூட்டம் சிசிலி நீரிணையில் நேச நாட்டுப் போர் விமானங்களிடம் சிக்கியது. பெரும்பாலானவை கடலில் விழுந்தன. வானத்தில் எதிரி கை ஓங்கியிருக்கும்போது பகலில் இதை அனுப்பியவர்களைத்தான் நான் குறை சொல்வேன், வடிவமைத்தவர்களை அல்ல.

கார்முகில்:
வயரையும் பிராப்பையும் மாற்றியாயிற்று அண்ணா. முழு த்ராட்டிலிலும் நேராக ஓடுகிறது! அப்புறம், மூக்குக் கதவு இரண்டும் காற்றில் திறந்துகொள்கின்றன.

பழைய எஞ்சின்:
நிஜத்தில் அதை உள்ளே இருந்துதான் திறக்க முடியும். நீங்களும் உட்பக்கம் சின்னக் காந்தம் இரண்டு ஒட்டுங்கள். வெளியே தாழ்ப்பாள் தெரிந்தால் நன்றாக இருக்காது. காந்தத்தின் எடை மூக்கில் ஏறும், சிஜியை மறுபடி பார்த்துவிடுங்கள்.