ஹெர்மெட்டிக மரபு: பெயரின் பொருளும் தோற்றமும்

கேள்வி:
ஹெர்மெட்டிக மரபை எகிப்தின் ஆதி மறைஞானம் என்று சிலரும், பிற்காலப் போலி என்று வேறு சிலரும் எழுதுகிறார்கள். அண்மையில் படித்த நூலொன்று அதை ஏழு விதிகளாகச் சுருக்கிச் சொல்கிறது. பெயரின் பொருளையும், அந்த விதிகள் பழைய மூலங்களில் உள்ளனவா என்பதையும் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி 1:
எழுத்துக்கும் அறிவுக்கும் உரிய தெய்வமாக எகிப்தியர் வணங்கிய தோத்தைக் கிரேக்கர் தம்முடைய ஹெர்மிஸாகவே கண்டனர். அந்த இணைப்பில் உருவானவர்தாம் 'ஹெர்மிஸ் திரிஸ்மெஜிஸ்டஸ்', அதாவது மும்முறை பெரியவரான ஹெர்மிஸ். 'ஹெர்மெட்டிக' என்ற பெயர் இவரிடமிருந்து வந்ததே. தோத்தைப் 'பெரியவர், பெரியவர்' என்று அடுக்கிப் போற்றிய எகிப்திய வழக்கே இந்த அடைமொழியின் வேர். அவர் பெயரால் வழங்கும் மெய்யியல் உரைகள் பெரும்பாலும் கி.பி. 1 முதல் 3 வரையிலான நூற்றாண்டுகளில், உரோமர் ஆண்ட எகிப்தில், கிரேக்க மொழியில் எழுதப்பட்டவை. ஆசான் மாணாக்கனுக்கு உரைப்பதாக அமைந்த இவை, மனிதனுள் உள்ள அறிவு இறைவனிடமிருந்து வந்தது என்றும், உடல் மயக்கத்தில் உறங்கும் உயிர் தன்னை அறிந்து விழித்தால் கோள்களின் மண்டலங்களைக் கடந்து மூலத்துக்கே மீளும் என்றும் கூறுகின்றன.

ஏழு விதிகளை அங்கே தேட வேண்டாம். அவை 1908இல் சிகாகோவில் வெளிவந்த 'கிபாலியன்' என்ற நூலுக்கு உரியவை.

மறுமொழி 2:
போலி என்ற பேச்சுக்கும் ஒரு வரலாறு உண்டு. இத்தாலியின் புளோரன்ஸ் நகரில், அதன் அதிகாரத்தைக் கையில் வைத்திருந்த கோசிமோ தே மெடிசியின் விருப்பப்படி, பிளேட்டோவின் மொழிபெயர்ப்பை ஒத்திவைத்து, 1463இல் இவ்வுரைகளை இலத்தீனில் பெயர்த்த மெய்யியலாளர் மார்சிலியோ பிசினோ, இவை மிகத் தொன்மையான ஒரு முனிவரின் வாக்கு என்றே நம்பினார். 1614இல் கிரேக்க மொழி அறிஞர் ஐசக் கசாபோன், மொழிநடையையும் சொல்லாட்சியையும் ஆராய்ந்து, இவை கிறித்துவுக்குப் பிற்பட்டவை என்று காட்டினார். காலக்கணிப்பு சரி, ஆனால் எகிப்தியத் தொடர்பே இல்லை என்று பின்வந்தோர் முடிவுகட்டியதுதான் அவசரம். 1945இல் எகிப்தின் நாக் ஹம்மாதியில் கிடைத்த, காப்டிக் என்னும் பிற்கால எகிப்திய மொழிச் சுவடிகளில் ஹெர்மெட்டிக உரைகளும் இருந்தன. அவற்றுள் ஒன்று, தன்னை எகிப்திய எழுத்தில் கல்லில் பொறித்துக் கோயிலில் வைக்கும்படியே கேட்கிறது. கிரேக்க மொழியில் சிந்தித்த எகிப்தியரின் ஆக்கம் என்று கொள்வதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. 'மேலுள்ளதைப் போலவே கீழும்' என்ற வாசகமாவது பழையதா?

மறுமொழி 1:
அது ஹெர்மிஸின் பெயரால் வழங்கும் 'மரகதப் பலகை' என்னும் குறும்பனுவலைச் சார்ந்தது. அதன் மிகப் பழைய வடிவங்கள் அரபு மொழியில்தான் கிடைக்கின்றன. ஐரோப்பிய இரசவாதிகளை அது 12ஆம் நூற்றாண்டில் இலத்தீன் வழியாக எட்டியது. காற்றுப் புகாதபடி கலத்தை மூடுவதை 'ஹெர்மெட்டிக்' என்று இன்றும் சொல்வதும் அந்த இரசவாதிகள் விட்டுச்சென்ற வழக்கே.